பாடம் நடத்திய நேரம்

ஜனவரி 18, சனி

இந்த டைரி எனக்கு இலவசமாகக் கிடைத்தது. இன்று எங்கள் வட்டார ஆசிரியர்களுக்கு நேர மேலாண்மைப் பயிற்சி. மிச்சமிருந்த ஒரு சனிக்கிழமையையும் பிடுங்கிக்கொண்டு, நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

பயிற்சி கொடுத்தவருக்கு முப்பது வயதிருக்கும். டை கட்டியிருந்தார். ஒரு வகுப்பறையில் ஒரு நாளாவது நின்றிருப்பாரா என்பது சந்தேகம். "எல்லாருக்கும் இருபத்திநாலு மணி நேரம்தான். உங்ககிட்ட இல்லாதது நேரம் இல்ல, திட்டமிடல்" என்றார். முன்வரிசை கைதட்டியது. நான் எழுந்து கேட்டேன். "ஒரே டீச்சர், அஞ்சு வகுப்பு, முப்பத்தெட்டுப் புள்ளைங்க. இதுக்கு எப்படித் திட்டம் போடறது சார்?"

"குட் கொஸ்டின்" என்று சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

நாவலடிக்காடு தொடக்கப் பள்ளியில் எனக்குப் பதினொன்றாவது வருடம் இது. தலைமையாசிரியர் போன மே மாதம் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. மிச்சமிருந்தது நானும் ஜெனிட்டாவும். நவம்பரில் ஜெனிட்டாவையும் மாற்றுப்பணி என்று வட்டார அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இப்போது நான் ஒருத்திதான். பரிமளா, வயது நாற்பத்தாறு, இடைநிலை ஆசிரியை, பொறுப்புத் தலைமையாசிரியை, எழுத்தர், காவலாளி.

தினமும் நேரம் எதில் போகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பார்க்கச் சொன்னார் அந்த டை கட்டியவர். எழுதுகிறேன். எழுதித்தான் பார்ப்போமே.

ஜனவரி 20, திங்கள்

8.20 பேருந்தை விட்டு இறங்கிக் கேட்டைத் திறந்தேன்.

8.30 காலை உணவு. சமைக்கும் பவுனக்கா உப்புமா அண்டாவைத் திறந்து பிடிக்க, நான் படம் எடுத்தேன். பிள்ளைகள் சாப்பிடுவதை இன்னொரு படம். இரண்டையும் செயலியில் ஏற்ற இருபது நிமிடம்.

9.15 செயலியில் பிள்ளைகள் வருகைப் பதிவு. என் வருகை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

9.50 மூன்றாம் வகுப்புத் தமிழ்.

10.15 அலுவலகத்திலிருந்து போன். கழிப்பறைக் கதவுகள் எத்தனை, தாழ்ப்பாள் உள்ளவை எத்தனை, பத்து நிமிடத்தில் வேண்டுமாம். எண்ணினேன். நான்கு கதவு, ஒரு தாழ்ப்பாள்.

பிறகு நான்கு, ஐந்துக்குக் கணக்கு. நடுவில் ஆதார் புதுப்பிக்க வேண்டிய பிள்ளைகள் பட்டியல். மதியம் சத்துணவுப் பதிவேடு. பிற்பகல் முழுக்கச் சீருடை அளவு.

இதற்கிடையே மூன்றாம் வகுப்புக் கோபிகா ஒன்பது முறை மேஜைக்கு வந்தாள். எண்ணினேன். அந்தப் பிள்ளைக்கு வாய் ஓயாது. டீச்சர், பல்லி ஏன் கீழ விழ மாட்டேங்குது. டீச்சர், சரண் என் ரப்பரைக் கடிச்சிட்டான். டீச்சர், நீங்க ஏன் போனையே பாத்துட்டு இருக்கீங்க.

பாடம் நடத்திய நேரம்: ஒரு மணி பத்து நிமிடம்.

ஜனவரி 21, செவ்வாய்

பாடம்: நாற்பது நிமிடம். காரணம் எழுத நேரமில்லை.

ஜனவரி 23, வியாழன்

பதினொரு மணிக்கு ஜெனிட்டா கூப்பிட்டாள்.

"அக்கா, நம்ம ஸ்கூல் உயரம், எடை விவரம் இன்னும் ஏறல. சார் கேக்கறாரு."

"ஏத்த நேரமில்ல ஜெனிட்டா."

"இன்னிக்கு மூணு மணிக்குள்ள ஏத்திடுங்கக்கா. பட்டியல் நான்தான் போடணும்."

"நீ இங்க இருந்திருந்தா நீ எடை பாத்திருப்ப, நான் எழுதியிருப்பேன். அரை மணியில முடிஞ்சிருக்கும்."

"நானாக்கா இங்க வரேன்னு கேட்டேன்?" என்றாள்.

என் பள்ளியிலிருந்து ஒரு டீச்சரை எடுத்துக்கொண்டு போய், அந்த டீச்சரை வைத்தே ஏன் விவரம் வரவில்லை என்று என்னைக் கேட்கிறார்கள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

மாலையில் மகள் நறுமுகைதான் எடை விவரங்களை ஏற்றிக்கொடுத்தாள். அவளுக்குப் பிளஸ் டூ. அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. பாதியில் போனைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீ டீச்சரா, டேட்டா என்ட்ரி ஆளா?" என்றாள்.

காபி டம்ளர் சுவரில் பட்டு நசுங்கிவிட்டது. அவள்தான் துடைத்தாள். இவர் இருந்திருந்தால் ஏதாவது சமாதானம் பேசியிருப்பார். பேருந்து நடத்துநர் வேலை, இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வீடு.

ஜனவரி 27, திங்கள்

நேற்று ஞாயிறு, குடியரசு தினம். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, அதையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். இன்று காலை வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வந்தது. நாற்பத்திரண்டு பள்ளிகள். எங்கள் பள்ளி சிவப்பில். காணொளி நீளம் போதவில்லையாம். கீழே வட்டாரக் கல்வி அலுவலர் திருஞானம் சாரின் குறிப்பு: "சிவப்பில் உள்ளவர்கள் தங்கள் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளவும்."

நூற்றுப்பத்துப் பேர் இருக்கும் குழு. முப்பது பேர் அதற்கும் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். மனசாட்சியாம். எனக்கு டீச்சரைக் கொடுங்கள், பிறகு மனசாட்சியைப் பற்றிப் பேசலாம் என்று தட்டினேன். அழித்துவிட்டேன்.

பாடம்: இரண்டு மணி. இந்த மாதத்தில் இதுதான் அதிகம்.

ஜனவரி 29, புதன்

வெள்ளிக்கிழமை திருஞானம் சார் ஆய்வுக்கு வருகிறாராம். மூன்றாம் வகுப்பு வாசிப்புத் திறன் பார்ப்பாராம். அதே குறுஞ்செய்தியில், எல்லாப் பிள்ளைகளின் மதிப்பீட்டு விவரமும் இன்று மாலை ஐந்துக்குள் ஏற வேண்டும் என்றும் இருந்தது. வாசிக்கக் கற்றுக்கொடுப்பதா, வாசிக்கிறார்கள் என்று ஏற்றுவதா?

ஏற்றினேன். ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு கேள்வி. பிள்ளைகளை வெளியே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரம் இரண்டு மணி நேரம் நின்றேன். முப்பத்தேழு பேர் முடிந்தார்கள். முப்பத்தெட்டாவது பெயருக்கு வந்தபோது கோபிகா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். போன் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் எல்லாம் போயிருந்தது. முதல் பெயரிலிருந்து காலியாக நின்றது.

சத்தம் போட்டேன். அழுதுகொண்டே போனாள்.

பாடம்: இல்லை.

ஜனவரி 30, வியாழன்

முப்பத்தெட்டுப் பேரையும் மறுபடி ஏற்றினேன். கோபிகா வரவில்லை. அமைதியாக வேலை நடந்தது.

ஜனவரி 31, வெள்ளி

திருஞானம் சார் பதினொன்றரைக்கு வந்தார். கூட இரண்டு பேர், கையில் டேப்லெட். மூன்றாம் வகுப்பில் ஏழு பேர். ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். இரண்டு பேர் வாசித்தார்கள். ஒருவன் எழுத்துக்கூட்டினான். மற்ற மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"எத்தனை வருஷம் சர்வீஸ் மேடம்?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு வருஷமா என்ன பண்ணீங்க?"

பிள்ளைகள் முன்னால் கேட்டார். பவுனக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜெனிட்டாவைப் பற்றிச் சொன்னேன். தலைமையாசிரியர் இல்லாததைச் சொன்னேன். "காரணம் சொல்லாதீங்க. எல்லா ஸ்கூல்லயும்தான் காலியிடம் இருக்கு" என்றார்.

போகும்போது குறிப்பாணை கொடுத்தார். கற்பித்தல் பணியில் மெத்தனமாக இருந்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

மெத்தனம். அந்தச் சொல்லை வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தேன். பேருந்தில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பவுனக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "கோபிகா வர மாட்டேங்குதாம் டீச்சர். காது வலின்னு படுத்திருக்காம்."

"பனிக்கு வந்திருக்கும்."

"இருக்கும்" என்றாள். என்னைப் பார்க்காமல் கழுவினாள்.

அன்றைக்குக் கை லேசாகப் பட்டது. அவ்வளவுதான். பிடித்து இழுத்தால் படத்தான் செய்யும். ஒரு நாளைக்கு முப்பத்தெட்டுப் பேர் இழுக்கிறார்கள்.

பாடம்: ஒரு மணி இருபது நிமிடம். விளக்கம் இன்னும் எழுதவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் வராத பிள்ளைக்குச் செயலி காரணம் கேட்கிறது. நறுமுகை என் போனை வைத்துக்கொண்டு கேட்டாள். "கோபிகான்னு ஒரு பொண்ணு. உடல்நலக் குறைவு, குடும்ப நிகழ்ச்சி, வெளியூர், பிற. எதும்மா போட?"

"பிற."

"பிறன்னா என்னன்னு எழுதணும்மா. பெட்டி திறக்குது."

"அப்ப உடல்நலக் குறைவு போடு."

"என்ன உடம்புக்கு?"

"போடுன்னா போடு. எதுக்கு இத்தனை கேள்வி?" என்று கத்தினேன். அவள் போட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 5, புதன்

இன்று கோபிகாவின் அம்மா கௌசல்யா வந்தாள். பருத்தி எடுக்கப் போகும் வழியில், இடுப்பில் கட்டிய மடிச்சாக்கோடு வந்தாள். இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். அவளைக் கண்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "டீச்சர், மன்னிச்சுக்கங்க. புள்ள உங்க போனைத் தட்டி விட்டுருச்சாம்ல. உங்களுக்கு இருக்கற வேலையில இது வேற. கேட்டதும் நானும் நாலு சாத்து சாத்திட்டேன். இனிமே உங்ககிட்ட வர மாட்டா. காது வலி நின்னதும் அனுப்பிடறேன், பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

அவளே தொடர்ந்தாள்.

"சட்டையெல்லாம் ரத்தமா இருந்துச்சு. நான் பயந்துட்டேன் டீச்சர். காதுல இருந்து வருதோன்னு பாத்தா, அது சரண் ரத்தமாம். ஒண்ணாப்பு சரண் விழுந்து மூக்குல ரத்தம் ஊத்துச்சாமே. அவனைக் கொழாய்க்குக் கூட்டிட்டுப் போயி இவதான் கழுவி விட்டாளாம்."

"எப்ப?"

"அதான் அன்னிக்கு. உங்களைக் கூப்பிட வந்தப்பதான போனு விழுந்துச்சுன்னு சொன்னா."

அவள் போன பிறகு பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

கை படவில்லை. நான் அறைந்தேன். வலது கையால், முழுப் பலத்தோடு, இடது காதோடு சேர்த்து. அவள் சுவரில் மோதினாள். அழக்கூட இல்லை முதலில். காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள், என்ன நடந்தது என்று புரியாதவள் போல. நான் அப்போதும் போனைத்தான் குனிந்து எடுத்தேன். பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. "போ வெளிய" என்றேன்.

ஆறு வயதுப் பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது, என் பள்ளியில், நான் இருபதடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தபோது. எனக்கு இன்றுதான் தெரியும். ஒரு வாரம் கழித்து. அதைச் சொல்ல ஓடிவந்தவளை அடித்துத் துரத்தினேன். அடிபட்ட காதோடு திரும்பிப் போய் அந்தப் பையனுக்கு அவள் மூக்கைக் கழுவிவிட்டிருக்கிறாள். அவளுக்கு எட்டு வயது.

டம்ளரும் தானாகச் சுவரில் படவில்லை. எறிந்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பள்ளி முடிந்து கோபிகா வீட்டுக்குப் போனேன். செயலியில் எதையும் ஏற்றவில்லை. போன் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

என்னைப் பார்த்ததும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். "டீச்சருக்கு வணக்கம் சொல்லுடி" என்றாள் கௌசல்யா. சொன்னாள். இடது பக்கமிருந்து நான் பேசியது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு முறை "ஆங்?" என்றாள்.

நாளைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகலாம் என்றால், நான் விடுப்பு எடுத்தால் பள்ளியைத் திறக்க ஆள் இல்லை. ஒரு நாளைக்கு ஆள் அனுப்பச் சொல்லி வட்டார அலுவலகத்தைக் கேட்டேன். மாற்று ஆள் இல்லை, சனிக்கிழமை பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில். நான் அடித்துக் கெடுத்த ஒரு காதுக்கு வைத்தியம் பார்க்கக்கூட எனக்கு நேரம் இல்லை. வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் இன்று ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது.

பிப்ரவரி 8, சனி

டவுன் அரசு மருத்துவமனை. நான், கௌசல்யா, கோபிகா. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அம்மா மடியில் உட்கார்ந்து வந்தாள்.

டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "செவிப்பறையில சின்னக் கிழிசல் இருக்கு. தண்ணி படவே கூடாது. ஆறு வாரத்துல தானா மூடிக்கணும். மூடலைன்னா திரும்ப வாங்க." பிறகு கோபிகாவிடம் கேட்டார். "எப்படி ஆச்சு கண்ணு?"

"பந்து பட்டுச்சு" என்றாள்.

கௌசல்யா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க?"

"டீச்சர்" என்றேன்.

"பரவாயில்லையே, டீச்சரே கூட்டிட்டு வந்திருக்கீங்க."

நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. இதையும் எழுதிவைக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

விளக்கம் எழுதி முடித்தேன். கெடு முந்தாநாளே முடிந்துவிட்டது. இரண்டு பக்கம்.

முதல் பக்கம் இந்த டைரியிலிருந்து எடுத்தது. ஜனவரி 20 முதல் பிப்ரவரி 7 வரை பதினைந்து வேலை நாட்கள். பாடத்துக்கு உரிய நேரம் எண்பத்திரண்டரை மணி. நான் பாடம் நடத்தியது இருபத்துமூன்று மணி நாற்பது நிமிடம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து. ஒரு வகுப்புக்கு ஐந்து மணி நேரம்கூட வரவில்லை. மிச்ச நேரத்தில் என்னென்ன செய்தேன், யார் கேட்டார்கள், எந்தத் தேதி, எத்தனை நிமிடம் என்று வரிசையாக எழுதினேன்.

இரண்டாம் பக்கத்தில் ஜனவரி 29 அன்று நான் செய்ததை எழுதினேன். முதலில் 'எதிர்பாராத விதமாக' என்று ஒரு சொல் போட்டிருந்தேன். அதை அடித்தேன்.

நறுமுகையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்தாள். நெடுநேரம் தலை நிமிரவில்லை. "பிறன்னு சொன்னியே, அது இதுவாம்மா?" என்றாள்.

"ஆமா."

"சஸ்பெண்ட் பண்ணிடுவாங்களா?"

"தெரியல."

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "செவிப்பறைக்கு இடையின ர போட்டிருக்க. வல்லினம்மா" என்றாள். அழுகிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

பள்ளி முடிந்த கையோடு வட்டார அலுவலகம் போனேன். திருஞானம் சார் கிளம்பத் தயாராக இருந்தார். நின்றுகொண்டே முதல் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மேடம் இது? யாராச்சும் புகார் கொடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"பெத்தவங்க?"

"அவங்க எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க."

"அப்புறம் எதுக்கு நீங்களே எழுதிக்கிட்டு? நான் கேட்டது வாசிப்புத் திறனைப் பத்தி." குரலைத் தணித்தார். "பாருங்க, உங்களுக்கு நான் எதிரி இல்ல. இந்தப் பக்கத்தை எடுத்துடுங்க. அந்த நேரக் கணக்கும் வேண்டாம். மேல போனா தப்பா எடுத்துப்பாங்க. இனிமே கவனமா இருப்பேன்னு ஒரே வரி. ஃபைலை மூடிடறேன்."

"ரெண்டும் நடந்தது சார்."

"நடந்ததெல்லாம் எழுதணும்னு யார் சொன்னா?"

"உங்க பயிற்சியிலதான் சார் சொன்னாங்க. நேரம் எதுல போகுதுன்னு எழுதச் சொன்னாங்க. எழுதினேன். ஒரு புள்ள காது கிழிஞ்சதும் அந்த நேரத்துலதான்."

முகம் கறுத்துவிட்டது அவருக்கு. "வேலைப் பளுவால அடிச்சேன்னு சொல்ல வர்றீங்களா? எல்லாருக்கும்தான் வேலை. எல்லாருமா அடிக்கறாங்க?"

அது சரியான கேள்வி. நான் மறுக்கவில்லை. "இல்ல சார். அடிச்சது நான். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க. ஆனா முதல் பக்கத்துக்கு உங்க ஆபீஸ் பதில் சொல்லணும். ஒரு பக்கத்தைப் பிச்சிட்டு இன்னொண்ணை வாங்க முடியாது."

"இதை நான் வாங்கவே மாட்டேன்."

"சரி சார்" என்று தாள்களை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு வந்த அதே கோபம். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

வெளியே தபால் வாங்கும் மேஜையில் ஜெனிட்டா இருந்தாள். எழுத்தர் விடுப்பாம். இரண்டு பக்கத்தையும் அவள் முன்னால் வைத்தேன். உள்ளே நடந்த பேச்சு அவள் காதில் விழுந்திருக்கும். படித்தாள். இரண்டாம் பக்கத்தில் அவள் கண் நின்றது. கோபிகா ஒன்றாம் வகுப்பில் அவளிடம்தான் படித்தாள்.

"கோபியையாக்கா?" என்றாள்.

"ம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை எனக்கு. பிறகு பதிவேட்டைத் திறந்து எண் போட்டாள். தேதி முத்திரையை எடுத்து முதல் பக்கத்தில் ஒன்று, இரண்டாம் பக்கத்தில் ஒன்று குத்தினாள். நகலிலும் குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். உள்ளேயிருந்து "ஜெனிட்டா!" என்று சத்தம் வந்தது.

"பதிஞ்சிட்டேன் சார்" என்றாள்.

பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூச விடுமுறை. இன்று காலை கேட்டைத் திறக்கும்போது பின்னால் ஸ்கூட்டி சத்தம். ஜெனிட்டா.

"மாற்றுப்பணியை ரத்து பண்ணிட்டாங்கக்கா. கீழ்ப்படியாமையாம். தண்டனையா சொந்தப் பள்ளிக்கே திருப்பி அனுப்பறாங்களாம்."

மூன்று மாதமாக மனு எழுதினேன். இரண்டு முறை நேரில் போய்க் கேட்டேன். தராத ஆளைத் தண்டனை என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே வந்து பாடம் நடத்துவதுதான் இவர்களுக்குத் தண்டனை.

ஒன்று, இரண்டு வகுப்புகளை அவள் எடுத்துக்கொண்டாள். என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பாடம்: நான்கு மணி ஐந்து நிமிடம்.

பிப்ரவரி 13, வியாழன்

கோபிகா வந்தாள். காதில் பஞ்சு. கடைசி வரிசையில், சுவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

நான் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். "கோபிகா என்னைக் கூப்பிட வந்தா. நான் அவளை அடிச்சேன். அது தப்பு. சரணைப் பாத்துக்கிட்டது அவதான்." பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கணக்கு எழுதக் கரும்பலகை நோக்கிக் கையைத் தூக்கினேன். திரும்பியபோது அவள் இரண்டு காதையும் பொத்தியிருந்தாள். நான் அவளிடமிருந்து ஐந்து வரிசை தள்ளி நின்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

விசாரணைக் கடிதம் வந்துவிட்டது. வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து அலுவலர் வருகிறார். பொருள்: மாணவியைத் தாக்கியது தொடர்பாக. முதல் பக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நகலை எடுத்து வைத்திருக்கிறேன். கேட்காவிட்டாலும் கொடுப்பேன்.

பிப்ரவரி 20, வியாழன்

விசாரணை அலுவலர் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்தார். கௌசல்யா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கோபிகாவோடு வந்திருந்தாள்.

"டீச்சர் தங்கமானவங்க. ஆஸ்பத்திரிக்கு அவங்கதான் கூட்டிட்டுப் போனாங்க. எங்களுக்கு ஒரு புகாரும் இல்லீங்க. அவங்களுக்கு இருக்கற வேலைக்கு..." என்று கௌசல்யா சொல்லிக்கொண்டே போனாள். அலுவலர் அம்மாவுக்கும் நிம்மதிதான். "அப்ப புகார் இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்று பேனாவைத் திறந்தார். வழக்கத்துக்காகக் கோபிகாவையும் கேட்டார். "உன் காதுக்கு என்னம்மா ஆச்சு?"

"பந்து பட்டுச்சு."

இந்தப் பள்ளியில் அவள் என்னிடம் நன்றாகக் கற்றுக்கொண்டது இந்தப் பொய்தான் என்று தோன்றியது. உடம்பெல்லாம் எரிந்தது. "கோபிகா, பந்து படல. நடந்ததைச் சொல்லு. யாரும் உன்ன அடிக்க மாட்டாங்க. அம்மாவும் அடிக்காது" என்றேன்.

"நீங்க குறுக்க பேசக் கூடாது டீச்சர்" என்றார் அந்த அம்மா.

கோபிகா அவள் அம்மாவைப் பார்த்தாள். கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கோபிகா என்னைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தாள். கண் கலங்கவில்லை. மூக்கு மட்டும் விடைத்திருந்தது.

"டீச்சர்தான் அடிச்சாங்க. நான் ஒண்ணுமே பண்ணல" என்றாள். குரல் ஏறியது. "எல்லாரும் டீச்சருக்கு வேலை வேலைன்னு சொல்றாங்க. அம்மாவும் அதத்தான் சொல்லுது. நானும் வேலையாத்தான் வந்தேன். சரணுக்கு ரத்தம் நிக்கவே இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு. யாருமே வரல."

பக்கத்து வகுப்பில் ஜெனிட்டா பாட்டுச் சொல்லிக்கொடுப்பது கேட்டது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இதை இப்படியே எழுதினா உங்களுக்குக் கஷ்டம் டீச்சர்."

"ஒரு சொல் விடாம எழுதுங்க மேடம். 'யாருமே வரல'ங்கறதையும் எழுதுங்க. அதோட இதையும் சேத்துக்கங்க" என்று முதல் பக்கத்தின் நகலை நீட்டினேன். படித்துப் பார்த்தார். எண்பத்திரண்டரையின் கீழ் ஒரு கோடு போட்டார். கோப்பில் வைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டேன். என்ன தண்டனை என்று ஒரு மாதத்தில் வருமாம்.

கோபிகா வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். நானும் போனேன். மூன்றாம் வகுப்புத் தமிழ். ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். போன் மேஜை இழுப்பறைக்குள் இரண்டு முறை அடித்து நின்றது. கோபிகாவின் முறை வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அடுத்தவளை வாசிக்கச் சொன்னேன்.